வறண்ட நிலத்தில் நன்றி
கத்தோலிக்கப் பங்கு வாழ்வின் அசனமும் நமது அறுப்பின் பண்டிகையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் ஊழியம் செய்யும் ஒவ்வொரு ஆயரும் ஒருநாள் சந்தித்தே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அறுப்பு இல்லாத ஆண்டில் அறுப்பின் பண்டிகையை எவ்வாறு கொண்டாடுவது? வடகிழக்குப் பருவமழை பொய்த்து, கண்மாய் நிரம்பாது, கரிசல் வெடித்துக் கிடக்கும் தை மாதத்தில், கர்த்தர் நல்லவர் என்று சபையாரைப் பாடச் சொல்வது பொருளுள்ள செயலா? அன்றி வெறும் வழக்கமா? இக்கேள்விக்கு விடை தேடுகையில், நம் அண்டையிலுள்ள கத்தோலிக்கப் பங்குகளின் வாழ்வை உற்று நோக்குவது நமக்குப் பயன் தரும் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

1. நிலமும் திருநாட்களும்

இப்பகுதியின் உழவு பெரும்பாலும் வானம் பார்த்த உழவு. குண்டாறு திருச்சுழியின் ஓரமாய் ஓடினும் ஆண்டின் பெரும்பகுதியில் அது மணலாறே. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய், உளுந்து ஆகியவை மார்கழிப் பனியையும் தாங்கி நின்றால் தை, மாசியில் களத்திற்கு வரும். அருப்புக்கோட்டையின் தறிகளும் மல்லிகைத் தோட்டங்களும் சிலருக்கு வேறு பிழைப்பை அளித்தாலும், சிற்றூர்களில் மகிழ்ச்சியும் கலக்கமும் மழையையே சார்ந்துள்ளன.

இந்நிலத்தில் இரு திருச்சபை மரபுகளும் நெடுங்காலமாய் வேரூன்றியுள்ளன. இராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்ததிலிருந்து கத்தோலிக்க மதுரை மிஷனின் வரலாறு தொடங்குகிறது. 1938-ல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று. 1953-ல் உயர் மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. நமது பக்கத்தில், அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-ல் பணியைத் தொடங்கியது. திருச்சுழி வட்டத்திலுள்ள மண்டபசாலை அதன் பழைய மிஷன் நிலையங்களுள் ஒன்று. அம்மிஷனின் சபைகள் பின்னர் 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன.

கத்தோலிக்கப் பங்கு மக்கள் தை மாதத்தை நன்றியின் மாதமாகவே ஆக்கிக்கொண்டுள்ளனர். பொங்கல் நாளில் நன்றித் திருப்பலி நடைபெறுகிறது. சனவரி 15 வனத்துச் சின்னப்பர் திருநாள்; 17 வனத்து அந்தோனியார் திருநாள். இவ்விருவரும் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த துறவிகள். அந்தோனியார் கால்நடைகளின் பாதுகாவலராகக் கருதப்படுவதால், மாடுகளையும் ஆடுகளையும் கோவிலின் முன் கொண்டுவந்து நிறுத்தித் தீர்த்தம் தெளித்து ஆசி பெறுவதும், கோவில் முற்றத்தில் பொங்கலிடுவதும் தமிழகத்தின் பல பங்குகளில் உள்ள வழக்கம். பாலைவனத் துறவிகளின் திருநாட்கள் நமது உழவனின் அறுவடைக் காலத்தோடு பொருந்தியிருப்பது, வறண்ட நாட்டில் வாழ்வோர்க்குச் சிறப்பாகப் பொருள் தருகின்றது.

2. நன்றி என்னும் சொல்

கத்தோலிக்கர் கொண்டாட்டத்தின் நடுவிடம் திருப்பலியே. கொடியேற்றமும் நவநாளும் தேர்பவனியும் அதனைச் சுற்றி அமைந்தவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் பயனாக, அதுவரை இலத்தீனில் நடந்த வழிபாடு மக்களின் மொழிக்கு வந்தது. குருவானவர் நன்றி செலுத்தும்படி மக்களை அழைப்பதும், அது தகுதியும் நீதியுமானதென்று மக்கள் விடையளிப்பதும் இன்று தமிழிலேயே நிகழ்கின்றன.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி உதவும். இத்திருச்சடங்கிற்கு ஆதிச்சபை இட்ட கிரேக்கப் பெயர் 'யூக்கரிஸ்தியா'. அதன் நேர்ப்பொருள் நன்றி செலுத்துதல். தமிழில் கத்தோலிக்கர் இதனை 'நற்கருணை' என்பர். அப்பெயர் தேவன் கொடுப்பதைச் சுட்டுகிறது. நாம் 'திருவிருந்து' என்கிறோம். அப்பெயர் ஒன்றாக உண்பதைச் சுட்டுகிறது. கொடை, விருந்து, நன்றி ஆகிய மூன்றும் ஒரே செயலின் மூன்று பக்கங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றினால் பொருள் குறைவுபடும்.

பழைய ஏற்பாட்டிலும் இதுவே காணப்படுகிறது. ஸ்தோத்திர பலியின் இறைச்சியை மறுநாள் விடியும்வரை மீதி வைக்காமல் அன்றே உண்ணவேண்டும் என்பது லேவியர் 7:15-இன் கட்டளை. ஒரு குடும்பம் தனித்து ஒரே நாளில் உண்டு தீர்க்க இயலாத அளவு உணவு இருக்கும்போது அயலாரை அழைத்தே ஆகவேண்டும். உபாகமம் 26-ஆம் அதிகாரத்தில் முதற்பலனைக் கொண்டுவருபவன், அடிமைத்தனத்திலிருந்து மீட்ட வரலாற்றை அறிக்கையிட்டபின், லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து மகிழும்படி கட்டளை பெறுகிறான். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஜஸ்டின் மார்ட்டியர், நன்றி ஜெபத்திற்குப்பின் வராதவர்களுக்கு உதவிக்காரர் பங்கு கொண்டுசென்றதையும், வசதியுள்ளோர் கொடுத்த காணிக்கையால் அநாதைகளும் விதவைகளும் ஆதரிக்கப்பட்டதையும் விவரிக்கிறார். ஆகவே வேதத்தின்படியும் ஆதிச்சபையின் வழக்கத்தின்படியும், நன்றி என்பது பகிர்ந்துண்ணும்போதே முழுமை பெறுகிறது.

3. நேர்ச்சையைப் பற்றிய நமது தயக்கம்

கத்தோலிக்க மக்களின் நன்றி பெரும்பாலும் நேர்ச்சையின் வடிவில் வெளிப்படுகிறது. பிள்ளைப்பேறு, நோய் நீக்கம், மழை, வேலை ஆகியவற்றிற்காக வேண்டிக்கொண்டு, பெற்றபின் முடியெடுத்தல், உப்பும் மிளகும் காணிக்கையிடுதல், வெள்ளி உருவம் செலுத்துதல் முதலியன செய்வர். மானாமதுரைக்கு அண்மையிலுள்ள இடைக்காட்டூர் திரு இருதயக் கோவில், பிரான்சு நாட்டில் நோய் நீங்கப்பெற்ற ஒரு பெண்ணின் நன்றிக் காணிக்கையின் துணையோடு, பெர்தினாந்து செல் அடிகளாரால் கட்டப்பட்டு 1894-ல் நிறைவுற்றதென அறிகிறோம்.

நாம் இங்குத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. புனிதரிடம் பேரம் பேசுவதுபோல இது தோன்றுகிறது. நன்றி தேவனுக்கே உரியது, புனிதர் பரிந்து பேசுபவர் மட்டுமே என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. எனினும் பாமர மக்களின் உள்ளத்தில் இவ்வேறுபாடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதை அவர்களுடைய குருக்களே ஒப்புக்கொள்வர். ஆயினும் பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனையும் (ஆதி. 28:20-22) நிபந்தனையோடு கூடியதே என்பதை நாம் மறத்தலாகாது. தேவன் அந்தக் குறைவுள்ள விசுவாசத்தை ஒதுக்கிவிடவில்லை.

ஓரியூரின் வரலாறு இதில் மற்றொரு பாடத்தைக் கற்பிக்கிறது. தடியத்தேவர் என்னும் மறவர் தலைவர், நோய் நீங்கியதற்கு நன்றியாகக் கிறிஸ்துவை ஏற்றுத் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். அதன் விளைவாகவே ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். நன்றியுள்ள வாழ்வுக்கு விலை உண்டு என்று இந்நிகழ்ச்சியைப் போதிக்கிறோம். அவ்விலையை விலக்கப்பட்ட பெண்களும் செலுத்தினர் என்பதையும் சேர்த்தே போதிப்பது நேர்மையாகும்.

4. அசனம்

என் கருத்தில், கத்தோலிக்கப் பங்கின் நன்றி மிகத் தெளிவாக விளங்குவது தேரிலன்று, அசனத்தில்தான். சில ஆண்டுகளுக்கு முன், மழை பொய்த்த ஒரு தை மாதத்தில், திருச்சுழிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரின் திருவிழாவிற்கு அப்பகுதிப் பங்குத்தந்தை என்னை அழைத்திருந்தார். கோவில் சிறியது. வயல்களில் கருகிய சோளத்தட்டைகளே நின்றன. அவ்வாண்டு வாணவேடிக்கை இல்லை. வெளியூர் பேண்டு வாத்தியமும் இல்லை. ஊரார் கூடி அவற்றை நிறுத்தியிருந்தனர். ஆனால் அசனத்தை நிறுத்தவில்லை. வீட்டுக்கு ஒரு படி அரிசி, இயலாதவர்கள் அரைப்படி. சிவகாசிக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் சென்ற இளைஞர்கள் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பணம் அனுப்பியிருந்தனர். சீமைக்கருவேல விறகில் அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

அடுப்பருகே காய் நறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், "இந்த வருஷம் ஒன்றும் விளையவில்லையே அம்மா, இவ்வளவு பேருக்குச் சமைக்கிறீர்களே?" என்றேன். அவர் கையை நிறுத்தாமலே, "மழை இல்லேன்னு வீட்ல உலை வைக்காமலா இருக்கோம் ஐயா? தனித்தனியா வைக்கிறத இன்னைக்கு ஒண்ணா வைக்கிறோம், அம்புட்டுத்தான்" என்றார்.

அன்று திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரையைவிட இச்சொற்கள் என் உள்ளத்தில் நின்றன என்று சொன்னால் அவர் வருந்தமாட்டார். விளைச்சலுக்கு மட்டுமே நன்றி என்றால், விளையாத ஆண்டில் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மூதாட்டியோ, தேவன் விட்டுவைத்ததை ஒன்றாகச் சேர்த்து உலையேற்றுவதையே நன்றி என்று கொண்டார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியம் விளைவிக்காமற்போனாலும், மந்தை தொழுவத்தில் இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்னும் ஆபகூக்கின் அறிக்கை (3:17,18) அன்று அண்டாவில் கொதிக்கக் கண்டேன்.

5. பந்தியில் அமர்வோர் யார்?

எனினும் அசனத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடலாகாது. கொரிந்துச் சபையைப் பவுல் கண்டித்தது, ஒருவன் பசியாயிருக்க மற்றொருவன் வெறித்திருந்த பந்தியைப் பார்த்தே (1 கொரி. 11:20-22). நமது நாட்டில் பந்தியைப் பிரிப்பது வறுமை மட்டுமன்று, சாதியும்தான்.

இதில் கத்தோலிக்கரின் வரலாறு வேதனை தருவது. வடக்கன்குளத்தில் பீடத்தருகே கூடி, மக்கள் நிற்கும் இடத்தில் சாதிக்கொன்றாகப் பிரியும் கோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் சென்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கரின் சமவுரிமைக் கோரிக்கையை ஒட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச் 9-ஆம் நாள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். தேர் எத்தெருவில் செல்லும், எத்தெருவில் செல்லாது என்பதில் நன்றியின் திருவிழா பகையின் களமாக மாறிய ஊர்கள் உண்டு.

நாம் இதனைச் சுட்டி நம்மை நீதிமான்களாக்கிக்கொள்ள முடியாது. அமெரிக்கன் மதுரை மிஷன் 1847-ல், சாதியைக் கைவிடாதோரைச் சபை அங்கத்தினராக வைத்துக்கொள்வதில்லை என்று தீர்மானித்தபோது, ஒன்றாக உண்ணுதலையே அதற்குச் சான்றாகக் கேட்டது. உபதேசிமார் உட்படப் பலர் இணங்க மறுத்து நீக்கப்பட்டனர். அவர்களுள் பலர் பின்னர் திரும்பி வந்தனர். அன்று வற்புறுத்தி உண்ணச் செய்த முறை சரியா என்று விவாதிக்கலாம். ஆனால் நன்றியின் விருந்து உண்மையானதா என்பதைப் பந்தியே காட்டும் என அவர்கள் கண்டது சரியே. இன்று நம் சபைகளில் திருவிருந்துக்கு ஒரே பாத்திரத்தில் பங்குபெற்று, திருமண விருந்திலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரிந்துபோகிறவர்கள் இல்லையென்று நம்மால் கூற இயலுமா?

6. நமது அறுப்பின் பண்டிகை

இங்கு என் சொந்தக் குறையொன்றை அறிக்கையிடுகிறேன். நான் பணியாற்றிய ஒரு சபையில், மழையற்ற ஓர் ஆண்டு, அறுப்பின் பண்டிகையைத் தள்ளிவைக்கலாம் என்று கமிட்டியார் கருதினர். காணிக்கைப் பொருட்களை ஏலம் எடுக்க ஆளிராது, வரவு குறையும் என்பதே காரணம். நானும் இசைந்தேன். பண்டிகை நடக்கவேண்டிய ஞாயிறன்று மாலை, விதவைத் தாயார் ஒருவர் பூசணிக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குருமனைக்கு வந்தார். பண்டிகைக்கென்று மாதக்கணக்காய்ப் பரணில் வைத்திருந்ததாம். "ஐயரே, இத எங்க வைக்க?" என்று கேட்டார். வீட்டிற்கே கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அச்சபையில் அவ்வாண்டு நன்றி செலுத்த வந்தவர் அவர் ஒருவரே. அவருக்கு ஓர் இடம் காட்ட ஆயருக்குத் தெரியவில்லை.

பண்டிகையை வரவு செலவுக் கணக்கின் பகுதியாக நாம் எண்ணிவிட்டதே இத்தவறின் வேர். ஏலத்தில் வசதியுள்ளவர் பெயர் உரக்கக் கேட்கிறது. பூசணிக்காய் கொண்டுவந்தவர் பெயர் கேட்பதில்லை. ஆகவே நம் சபைகள் சிந்திப்பதற்குச் சில ஆலோசனைகளைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, விளையாத ஆண்டிலும் பண்டிகையைத் தள்ளிவைக்கலாகாது. அவ்வாண்டில் ஆராதனை புலம்பலோடு தொடங்கட்டும். வயலின் வறட்சியைத் தேவசமுகத்தில் மறைக்கவேண்டியதில்லை. சங்கீதங்களில் புலம்பலும் ஸ்தோத்திரமும் அடுத்தடுத்தே நிற்கின்றன.

இரண்டாவது, கொண்டுவரும் பொருட்களில் ஒரு பங்காவது ஏலத்திற்குப் போகாமல் அன்றைய அசனத்தின் அண்டாவுக்குப் போகட்டும். வர இயலாத முதியோர்க்கும் நோயாளிக்கும் அதிலிருந்து பங்கு செல்லட்டும்.

மூன்றாவது, அசனத்தில் எல்லாத் தெருவாரும் சமைக்கவும், பரிமாறவும், ஒரே பந்தியில் அமரவும் வேண்டும். பிறர் சமைத்ததை உண்பது எளிது. நாம் பரிமாறும் இலையில் யார் அமர்கிறார் என்பதே சோதனை.

நான்காவது, அண்டையிலுள்ள கத்தோலிக்கரை நம் பந்திக்கு அழைப்போமாக. அவர்கள் அழைக்கும்போது செல்வோமாக. ஒரே பீடத்தில் அப்பத்தைப் பகிர கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு இன்னும் இடந்தரவில்லை. அந்த வேதனையை இலேசாய் எண்ணலாகாது. ஆனால் ஒரே அண்டாவிலிருந்து உண்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெரியது அருளப்படும் வரை, அருளப்பட்ட சிறியதை நாம் வீணாக்காதிருப்போம்.

அந்தத் தாயார் இன்று உயிரோடில்லை. அவருடைய கேள்விக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: "உள்ளே கொண்டுவாருங்கள் அம்மா. பீடத்தின்மேல் வைப்போம். பிறகு எல்லாருமாகச் சமைத்து உண்போம்."