உஷார்! ‘கல்லீரல் நெருப்பு’க்கு என்று வாங்கும் மாத்திரை

மாதவிலக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மார்பு கனத்து வலிக்கும். வயிறு உப்பும். பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிட்டால் போதும், அடக்க முடியாத கோபம் வரும். அடுத்த நிமிஷமே அழுகை வரும். உதிரம் கண்ட ஓரிரு நாளில் எல்லாம் வடிந்துவிடும். மாதாமாதம் இதில் வதைபடும் பெண்ணின் நாடியைப் பார்த்து ஒரு சீன வைத்தியர், ‘உங்கள் கல்லீரலில் உயிர்விசை தேங்கிக் கிடக்கிறது’ என்று சொன்னால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! தன் வேதனைக்கு ஒருவர் பெயர் சொல்லிவிட்டார் அல்லவா? அந்த ஆறுதலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபத்து அதற்கடுத்த படியில் இருக்கிறது. அந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே பெயர் அச்சிட்ட மாத்திரை டப்பாவை இணையத்திலோ, சிங்கப்பூர், மலேசியா போய்வரும் உறவினர் மூலமாகவோ தானே வரவழைத்துக்கொள்கிறாளே, அங்கேதான்.

சீன மருத்துவம் சொல்லும் கல்லீரல், வலது விலாவுக்குக் கீழே இருக்கும் உறுப்பு மட்டும் அல்ல. ‘சி’ என்று அவர்கள் அழைக்கும் உயிர்விசையை உடம்பெங்கும் தடையில்லாமல் ஓடவைப்பது, ரத்தத்தைச் சேமிப்பது, கோபத்தோடு உறவு கொண்டிருப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. மாதவிலக்கு நெருங்கும்போது ரத்தம் கருப்பையை நோக்கித் திரள்கிறது. அதனால் கல்லீரலின் பிடி தளர்ந்து சி தேங்குகிறது என்பது அவர்கள் கணக்கு. மார்பு வீங்குவதும் விலா இறுகுவதும் கல்லீரல் நாடிப்பாதை அந்த வழியே போவதால்தான் என்பார்கள். நாடி வில்லின் நாண்போல் விறைத்திருக்கும். தேக்கம் நாள்பட்டால் நெருப்பாகும்: தலைவலி, கண்சிவப்பு, வாய்க்கசப்பு, வெடிக்கும் கோபம். மண்ணீரல் நலிந்தவளுக்கோ அதே நாட்களில் உப்புசமும் பேதியும் அசதியும் வரும். வேறொருத்திக்குச் சிறுநீரகத்தின் ‘யாங்’ என்ற வெப்ப ஆற்றல் குன்றியிருக்கும்.

ஒரே தொல்லையோடு வரும் இரண்டு பெண்களுக்கு நேரெதிரான மருந்து கிடைக்கலாம் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கு நாடி பார்க்கத் தெரியாது.

தேக்கத்துக்கு அவர்கள் வழக்கமாகக் கொடுப்பது ‘சியாவ் யாவ் சான்’ என்ற பொடி. கவலையற்று உலாவுவது என்ற பொருள் தரும் பெயர். சோங் வம்ச அரசு மருந்தகத்தின் நூலிலேயே இது இருக்கிறது. நெருப்புக்குக் கொடுப்பது ‘லோங் தான் ஷியே கான் வான்’ என்ற மாத்திரை. கல்லீரலின் சூட்டை வடித்து இறக்குவது என்று அர்த்தம். என்னை உறங்கவிடாதது இந்த இரண்டாவது மாத்திரைதான்.

அதில் சேரும் மூலிகைகளில் ஒன்றின் பெயர் ‘மு தோங்’. பழைய நூல்கள் அந்தப் பெயரால் குறித்தது அகேபியா என்ற கொடியை. பின்னாளில் அந்த இடத்தில் ‘குவான் மு தோங்’ என்ற வேறொரு கொடி வந்து உட்கார்ந்துகொண்டது. தாவரவியலில் அது அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்துச் சுருக்கிவிடும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். சீனாவில் எத்தனையோ பேர் இந்த மாத்திரையை ‘சூடு தணிக்க’ என்று தேநீர்போலச் சாதாரணமாகச் சாப்பிட்டு, கடைசியில் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டுண்டார்கள். 2003இல்தான் சீன அரசு குவான் மு தோங்கைத் தடை செய்து, பழைய அகேபியாவையே சேர்க்கச் சொன்னது. அதுவரை அந்த நச்சுக்கொடி அரசின் அதிகாரபூர்வ மருந்து நூலிலேயே இடம்பெற்றிருந்தது!

செய்முறை மாறியது உண்மை. ஆனால் மாத்திரையின் பெயர் மாறவில்லை, மு தோங் என்ற சொல்லும் மாறவில்லை. யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று தெரியாத ஒரு டப்பாவில் எந்தக் கொடி அரைபட்டிருக்கிறது என்பதை லேபிளைப் பார்த்து உங்களால் சொல்லவே முடியாது.

பெயர்க் குழப்பம் என்ன செய்யும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கப் போன பெண்களுக்குக் கொடுத்த மாத்திரையில் சீன மூலிகைகள் சேர்ந்திருந்தன. சேர வேண்டியது ஸ்டெஃபானியா என்ற ‘ஃபாங் சி’. வந்து சேர்ந்தது ‘குவாங் ஃபாங் சி’, அதாவது இன்னொரு அரிஸ்டோலோக்கியா. பெயரில் ஒரே ஓர் அசைதான் வித்தியாசம். நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது, பெரும்பாலோர் பெண்கள். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர்களில் 39 பேருக்கு, முன்னெச்சரிக்கையாக அந்த உறுப்புகளை அகற்றிப் பரிசோதித்தார்கள். 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. 2000ஆம் ஆண்டு வெளியான கணக்கு இது. மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும் அந்த விஷம் அவர்களை விடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, இந்த அமிலம் கொண்ட செடிகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் தொகுதியில் சேர்த்தது.

இது சீனாக்காரர் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். மாதவிலக்கு வரவில்லை என்றால் ஈஸ்வரமூலியைக் கொடுக்கும் பழக்கம் இந்தியாவில் நெடுங்காலமாக உண்டு. அரிஸ்டோலோக்கியா என்ற கிரேக்கச் சொல்லுக்கே ‘பிரசவத்துக்குச் சிறந்தது’ என்றுதான் பொருள். எத்தனை நாட்டுப் பெண்கள் நம்பி விழுங்கிய செடி இது! அடுத்த முறை யாராவது ‘நாட்டு மருந்து, பக்கவிளைவே கிடையாது’ என்று ஆடுதீண்டாப்பாளைக் கஷாயத்தை நீட்டினால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

சியாவ் யாவ் சானில் இந்த விஷம் கிடையாது. அதற்காக அது வெறும் இஞ்சித் தண்ணீரும் அல்ல. அதிலுள்ள தாங் குவெய் என்ற வேர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். உப்புசத்துக்கு மருந்து தேடியவள் உப்புசத்தையே வாங்கி வந்த கதையாகிவிடும். இதே பொடியில் கார்டீனியா காயைச் சேர்த்து ‘நெருப்புக்கு’ என்று கொடுக்கும் வகை ஒன்று உண்டு. அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடலின் ரத்தக்குழாய்கள் சுண்ணாம்பு படிந்து இறுகியதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

பலன் உண்டா என்றால், ஆதாரம் மெலிதுதான். மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைக்கான சீன மூலிகைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009இல் சலித்துப் பார்த்தபோது, கணக்கில் எடுத்துக்கொள்ளும் தரத்தில் தேறியவை இரண்டே ஆய்வுகள். அக்குபங்சர் என்ற ஊசி மருத்துவத்துக்கு 2018இல் ஐந்து ஆய்வுகள், 277 பெண்கள். கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தாலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பாதத்தின் மேல் இருக்கும் ‘தாய் சோங்’ புள்ளியை அழுத்திப் பார்க்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். அதனால் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் சிலருக்கு ‘செத்துவிடலாம்’ என்ற எண்ணம் வரும். மனத்தை இப்படிக் கடுமையாகத் தாக்கும் மாதவிலக்கு முந்தைய நிலைக்கு மருத்துவத்தில் பி.எம்.டி.டி. என்று பெயர், 2013இல் அமெரிக்க மனநல மருத்துவ வகைப்பாட்டில் தனி நோயாகவே இடம்பெற்றது. உதிரம் கண்டதும் மனம் தெளிந்துவிடுவதால் வீட்டார் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அவளும் வெட்கப்பட்டு மறைத்துவிடுவாள். இதைச் ‘சி தேக்கம்’ என்று சொல்லி ஆறு மாதம் பொடி தின்று காத்திருக்கக் கூடாது. நன்றாக வேலை செய்யும் மருந்துகள் மனநல மருத்துவரிடம் இருக்கின்றன. அந்த எண்ணம் வந்த அன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

மற்றவர்கள் முதலில் இரண்டு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த நாள், என்ன தொல்லை, எவ்வளவு. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இது மாதவிலக்கோடு ஒட்டி வருவதா, தைராய்டா, ரத்தசோகையா என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியும். ஏற்கெனவே யார் செய்தது என்று தெரியாத சீன மாத்திரையோ கஷாயமோ சாப்பிட்டு வருபவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள். டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள்; அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், கூடவே சிறுநீர்ப் பரிசோதனை, இரண்டும் கேளுங்கள். அரிஸ்டோலோக்கியா விஷம் சிறுநீரகத்தைத் தின்னும்போது பெரும்பாலும் வலிப்பதே இல்லை.