மெய்நிகர் விளையாட்டில் தகவமைப்பு உதவி

மெய்நிகர் விளையாட்டில் தகவமைப்பு உதவி என்பது, மாணவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதைக் கணினி கணித்து, அதற்கேற்பக் குறிப்புகளைக் கூட்டியோ குறைத்தோ தரும் முறையாகும். சூத்திரத்தை முதலில் சொல்லாமல், செய்து பார்ப்பதன் வழியே கருத்தை உள்ளுணர்வில் பதியவைப்பது இதன் நோக்கம்.

1990களில் அமெரிக்காவில் கிறிஸ் டீட், போவன் லோஃப்டின் குழுவினர் உருவாக்கிய 'நியூட்டன் வேர்ல்டு' இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஈர்ப்பும் உராய்வும் இல்லாத வெளியில் பந்துகள் மோதிக்கொள்ளும். மாணவர் தாமே ஒரு பந்தாகலாம். மோதலை உடலில் அணிந்த சட்டையின் அதிர்வாக உணர்வார்.

ஆனால் விளையாட்டில் வென்றவருக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ள முடியாது. குருட்டாம்போக்கில் தொட்டதும் சரியாக அமைந்துவிடும். 'பிரைம் கிளைம்ப்' என்பது இருவர் எண்மலை ஏறும் சாதாரணத் திரை விளையாட்டு. துணைவர் நிற்கும் எண்ணோடு பொதுக்காரணி உள்ள எண்ணில் கால்வைத்தால் சறுக்கல். கனடாவில் கிறிஸ்டினா கொனாட்டி குழுவினர் இதில் சேர்த்த உதவியாளர், மாணவரின் அறிவை நிகழ்தகவால் மதிப்பிட்டு, பொதுவான குறிப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாக்கும்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தில் வந்து, பெரும் குழாய்களில் இறங்கி லோயர்கேம்ப் மின்நிலையச் சுழலிகளைச் சுழற்றுகிறது. குழாய் பருத்தால் அழுத்தம் கூடும் என்றே மாணவர் எளிதில் எண்ணுவர். உண்மையில், நிற்கும் நீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரமே. 10 மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ எடை. மாணவர் தொட்டியை ஏற்றி இறக்கி, குழாயை மாற்றிப் பார்க்கும் மெய்நிகர் விளையாட்டு ஒன்றை எண்ணிக்கொள்வோம். முதல் தவறுக்குக் கருவி வாய்திறக்கக் கூடாது. அதே தவறு திரும்பினால் உயர அளவுகோல் மட்டும் ஒளிரட்டும். அப்புறமும் பிடிபடாவிட்டால், ஒரே உயரத்தில் தடித்ததும் மெலிந்ததுமாக இரு குழாய்கள். விளக்கம் கடைசியில்தான். பிடிபட்டபின் குறிப்புகள் மறைய வேண்டும்.

இவ்வாறு விலகும் உதவியை 1976இல் வுட், புரூனர், ராஸ் ஆகியோர் கட்டடச் சாரத்துக்கு ஒப்பிட்டனர். கம்பத்துத் திராட்சைக்குப் பந்தல் என்றென்றும் வேண்டும். சாரமோ சுவர் எழும்பியதும் அவிழ்க்கப்படுவது. பல கல்விச் செயலிகள் பந்தலாகவே நின்றுவிடுகின்றன: விடையைச் சொல்லி மதிப்பெண்ணும் தந்துவிடும்.

தலையணிக் கருவியை நெடுநேரம் அணிந்தால் சிலருக்குக் குமட்டலும் தலைசுற்றலும் வரும். சில நிமிடங்கள் போதும். கருவி ஒன்றே இருந்தால், அதன் காட்சியைத் திரையில் காட்டி, மற்ற மாணவர்களை முடிவை முன்கூட்டிச் சொல்லவைக்கலாம். கருவியே இல்லாத வகுப்பில், மூன்று உயரங்களில் துளையிட்ட தண்ணீர்ப் பாட்டில் உதவும். எந்தத் துளையில் நீர் வேகமாகப் பீய்ச்சும் என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருக்க வேண்டும்.