ஏற்கெனவே உள்ள நோயும் மருத்துவக் காப்பீடும்

மருத்துவக் காப்பீட்டில் "ஏற்கெனவே உள்ள நோய்" என்பது, பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த அல்லது சிகிச்சை அளித்த நோயைக் குறிக்கும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா, இதய நோய் ஆகியவை இதில் அடிக்கடி வருபவை. "சுகர் வந்துவிட்டது, இனி நமக்கு யார் காப்பீடு தருவார்கள்?" என்று சேலம், நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர்களும் விசைத்தறித் தொழிலாளர்களும் கேட்பதுண்டு. நோய் இருப்பதாலேயே எல்லாக் கதவுகளும் அடைபடுவதில்லை.

அரசுத் திட்டங்கள்

முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பின் 2012 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நோய் எப்போது வந்தது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை; தேவைப்படும் சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்பதுதான் பார்க்கப்படும். பல ஆண்டு சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவருக்கும் டயாலிசிஸ் உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுகலாம். நோய் முற்றிய பிறகு அட்டைக்கு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத ஆலைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அங்கும் பழைய நோய் தடையாகாது.

தனியார் பாலிசி

வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்குத்தான் சிக்கல். நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். ஒரு நிறுவனம் மறுத்ததை இன்னொன்று ஏற்பதும் உண்டு. ஏற்றுக்கொண்டால் காத்திருப்புக் காலம் வரும். 48 மாதங்கள் வரை இருந்த இந்தக் காலத்தை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைத்தது. அதுவரை அந்த நோய்க்கும் அதன் நேரடி விளைவுகளுக்கும் பணம் வராது. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு விபத்து நேர்ந்தால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. டெங்கு போன்ற புதிய நோய்களுக்குப் பொதுவாக 30 நாட்கள் கழித்து உண்டு. வேறு நிறுவனத்துக்கு மாறினால், ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும். புதுப்பிக்கத் தவறி பாலிசி காலாவதியானால் அந்தக் கணக்கு போய்விடும்.

மறைத்தால்

முகவர் "சுகரை எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்" என்று சொல்லி, படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துக் கையெழுத்து வாங்குவதுதான் பெரிய ஆபத்து. கையெழுத்திட்டவரே பொறுப்பாளி. மருத்துவமனையில் சேர்ந்ததும் "எத்தனை வருடமாக மாத்திரை?" என்று மருத்துவர் கேட்பார், நோயாளியும் உள்ளதைச் சொல்வார், அது கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மாத்திரை வாங்குவதும் சிகிச்சைதான். "இலவச மாத்திரைதானே" என்று அதை விட்டுவிடக் கூடாது.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்ததைத் தெரிவிக்காமல் எடுத்த பாலிசியில், நிறுவனம் பணம் மறுத்தது சரியே என்று 2009இல் கூறியது. 2021 டிசம்பரில் வந்த வழக்கு வேறு மாதிரி. வெளிநாடு சென்றவர் தமக்குச் சர்க்கரை இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார்; அங்கே மாரடைப்பு வந்தது. தெரிந்தே பாலிசி கொடுத்த நிறுவனம் பிறகு அதே நோயைக் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவல் சொல்லவில்லை என்று கூறி மறுக்க முடியாது. 2024க்கு முன் இது 8 ஆண்டுகள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் முதலில் முறையிட வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மனுவுடன் படிவத்தின் நகலையும் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், பாலிசி வந்த அன்றே அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.