கேப்டன் செய்தது சரியா?

ஒருவரைப் பலிகொடுத்தால் இருவர் பிழைப்பார்கள். முடிவு உங்கள் கையில் என்றால், என்ன செய்வீர்கள் நேயர்களே?

‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், 1996-இல் இந்தச் சிக்கலைக் கதையாக்கியது. விண்கலத்தின் பாதுகாப்பு அதிகாரி டூவோக், சமையல்காரர் நீலிக்ஸ். ஆட்களை நொடியில் இடம் மாற்றும் கருவி வழியாக, ஆர்க்கிட் செடிகளோடு கலத்துக்குத் திரும்புகிறார்கள். போனது இரண்டு பேர். வந்து நின்றதோ ஒரே ஆள்! பெயர் டூவிக்ஸ். இருவரின் நினைவுகளும் அவருக்குள் இருந்தன. நாளடைவில் எல்லோருக்கும் பிடித்தவராகவும் ஆகிவிட்டார்.

அப்போதுதான் அவரைப் பிரிக்க வழி கிடைத்தது. டூவிக்ஸோ வாழ வேண்டும் என்று கெஞ்சினார். உயிருக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று மருத்துவர் ஒதுங்கிக்கொண்டார். கேப்டன் கேத்ரின் ஜேன்வே, தன் கையாலேயே டூவிக்ஸைப் பிரித்து முடித்தார். இரண்டு நண்பர்களும் திரும்பி வந்தார்கள். இறுகிய முகத்தோடு கேப்டன் வெளியேறுவதோடு கதை முடிகிறது.

ரசிகர்களின் சண்டை மட்டும் முடியவே இல்லை. அது கொலையா, மீட்பா?

நீங்கள் எந்தப் பக்கம்? யோசித்துக்கொண்டே இருங்கள், அடுத்த நிகழ்ச்சி இதோ!