அடிபட்ட கண்ணில் பாப்பா பெரிதாகத் தெரிந்தால்...

கவ்வாத்து வெட்டும்போது மிலாறு தெறித்துக் கண்ணில் பலமாக அடித்தால், நோவு அடங்கிய பிறகும் அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக நிற்கலாம். பாப்பாவைச் சுருக்கும் தசை அடிபட்டதே காரணம். வெயில் கூசும், கிட்டத்து எழுத்து மங்கும். தசை கிழியாவிட்டால் சில நாளிலோ, சில வாரத்திலோ சரிவரும். கிழிந்திருந்தால் அப்படியே நின்றுவிடலாம். அதற்குக் கறுப்புக் கண்ணாடி உதவும்.

பயப்பட வேண்டியது வேறு. கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருந்தால், முதல் ஐந்து நாளுக்குள் மறுபடி கசியலாம். டொக்டர் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்வது இரத்தம் கீழே படியத்தான். பேர் போகுதே என்று மலையேறாதீங்க. அஸ்பிரின் வேண்டாம், தாய்ப்பால் விடுவதும் வேண்டாம். வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் தலையிலும் அடியிருக்கலாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. கண் ஆறினாலும் கிளினிக்கை விடாதீங்க: கண்ணின் அழுத்தம் பிறகு கூடினால், நோவே இல்லாமல் பார்வை குறையும்.