பாரம்பரிய நகரில் வாடகைக் கடைக்குப் பாதுகாப்பு எது?

நமது ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. இங்கு மையப் பகுதி சுமார் 109 ஹெக்டர். அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் கடைகள் மையப் பகுதிக்குள் அடங்கும்.

இதனால் நமக்கு நன்மை உண்டு. புதுக் கட்டடங்களுக்கு 18 மீட்டர் உயர வரம்பு இருப்பதால், கீழே கடை, மேலே வீடு, முன்னால் ஐந்தடி நடை என்ற நம் தெருக்களின் அமைப்பு நிலைக்கிறது. வெளியூர்க்காரர் வருகையால் வியாபாரமும் நடக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. விதிகள் காப்பது கட்டடத்தை. உள்ளே நடக்கும் தொழிலை அல்ல. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கடைகளுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் துணையாக இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பு ஓய்ந்தது. கட்டுப்பாட்டுக் காலத்தில் வாடகை சொற்பமானதால், பல உரிமையாளர்கள் கூரை ஓட்டைக்கூட மாற்றவில்லை என்பதும் உண்மையே. நீங்கியபின் வாடகை ஏறி, பல பழைய தொழில்கள் வெளியேறின. இன்று மளிகைக் கடை இருந்த இடத்தில் தங்கும் விடுதி வந்தாலும், முகப்பு மாறாதவரை பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடியே தோன்றும்.

ஆகவே வாடகைக்கு இருப்போர் வாய்ப்பேச்சை நம்பியிருக்க வேண்டாம். மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்றாண்டுக்கு உட்பட்ட வாடகை ஒப்பந்தத்தையும் நிலப்பட்டாவில் குறிப்பேற்றலாம். அவ்வாறு செய்தால், கட்டடம் கைமாறினாலும் தவணை முடியும்வரை புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தும்.

பழுதுபார்க்குமுன் மாநகர் மன்றத்தின் அனுமதி பெறுக. பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்துச் சுவர் உதிரும். அரிசி, பருப்பு மூட்டை அடுக்கும் நமக்கு அது நேரடி நட்டம். சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

நகரத் திட்டம் பற்றி மக்கள் கருத்துக் கேட்கப்படும்போது நாமும் எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்கு இறக்க நேரமும் இடமும், நீண்டகால வாடகைக்கு இணங்கும் உரிமையாளருக்குப் பழுதுபார்ப்பு உதவி ஆகிய இவ்விரண்டையும் முதலில் கேட்போம். கடைக்காரர் போன பிறகு கடைத்தெருவைக் காப்பதில் யாருக்கு என்ன பயன்?