எலும்புக்குள் ஒரு நீர்க்குழி

வளரும் பிள்ளைகளின் மேற்கை எலும்பிலோ தொடை எலும்பிலோ நீர் நிறைந்த குழி உருவாவதை எளிய எலும்பு நீர்க்கட்டி என்பர். இது புற்றுநோய் அன்று என்றாலும், எலும்புச் சுவரை முட்டை ஓடு போல மெலியச் செய்வதால், பந்தை எறியும்போதே கை முறிந்து, எக்ஸ்ரே எடுத்த பின்னரே பலருக்கும் தெரியவருகிறது.

முறிவு கூடியதும் கட்டி தானே மறைவது சிலருக்கே வாய்ப்பதால், இத்தாலிய மருத்துவர் ஸ்காலியெட்டி 1970களில் ஊசிவழி ஸ்டீராய்டு செலுத்தும் முறையைக் கையாண்டார். நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையே மேலானது என்ற நம்பிக்கை பின்னர் வலுத்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி என்பதைத் தற்செயல் முறையில் பிரித்து நடத்தி, 2008இல் வெளியான ஆய்வில், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், மஜ்ஜை பெற்றவர்களில் 23 விழுக்காட்டினருக்குமே கட்டி ஆறியது. எளிய ஊசியே முந்தியது வியப்புக்குரியது. எனினும் பாதிப்பேருக்குக்கூட அது போதவில்லை என்பதே கவலைக்குரியது.

ஆகவே, குழியின் உட்சவ்வைச் சுரண்டியெடுத்து, மஜ்ஜைக் குழாய்க்கு வழி திறந்து நீரின் அழுத்தத்தைத் தணித்து, கால்சியம் சல்பேட் போன்ற எலும்பு மாற்றுப் பொருளால் நிரப்பும் முறையும், வளையும் உலோகக் கம்பிகளை உள்ளே செலுத்தி எலும்பைத் தாங்கும் முறையும் இன்று ஒப்பிட்டு ஆராயப்படுகின்றன. எலும்பை நீளச்செய்யும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டைக் கட்டி ஒட்டியிருந்தால், சுரண்டும் கருவி அதைக் காயப்படுத்திக் கையின் நீளத்தையே குறைத்துவிடக்கூடும் என்பதால், அத்தகைய பிள்ளைகளுக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதும் உண்டு.